படத்தில் கறுப்பாய்த் தெரிந்த இடம்

தம்பி,

நீண்ட ஹயாத்தோடு, ஆயுளோடு இரு என்று எழுதித்தான் எல்லா அம்மாக்களும் ஆரம்பிப்பார்கள். வழக்கத்துக்கு எழுதுவார்கள். நான் அப்படி எழுதவில்லை. உன் ஹயாத்துக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியவள் நான். அந்த வார்த்தை வரும் இடத்தில் பேனா தானாக அழுந்துகிறது.

நேற்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாய்: "மெட்ராஸ் போறதுக்கு முன்னாடி பெரியத்தா கடைக்குப் போயி ஒரு சலாம் சொல்லிட்டு வரட்டுமாம்மா? பாவமா இருக்குது, தனியா உக்காந்துருக்காரு." நான் குழம்பை ஊற்றினேன். நீயும் மேற்கொண்டு கேட்கவில்லை. உன் குணம் அது. வாய்விட்டுச் சொன்னால் என் குரல் ஏறும், உன் தங்கை பயந்துபோவாள். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ மட்டும்தான் படிக்க வேண்டும் என்றில்லை. யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. உன் பெரியத்தாவே படித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

உனக்கு முழுக்கதையும் தெரியாது. பாதி தெரியும். ஸ்கேன் எடுத்தது தெரியும், நிச்சயதார்த்தம் நின்றது தெரியும். நடுவில் கடையில் நடந்ததை உன்னிடம் நான் சொன்னதில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகு, பாவமா இல்லையா என்று நீயே முடிவு செய்.

உன் அத்தா சவூதியில், தம்மாமில் வேலையில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெட்டியும் செண்டு பாட்டிலுமாக வந்து நிற்பார், விருந்தாளி மாதிரி. வீட்டுக்கு ஆம்பளை என்றால் அவருடைய அண்ணன், உன் பெரியத்தாதான். மரக்காணம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மெடிக்கல் கடை. டாக்டருக்குப் படிக்காவிட்டாலும் ஊசி போடுவார், மாத்திரை எழுதுவார், ஊர் அவரை 'டாக்டர் பாய்' என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படித்தான் நம்பினேன். உனக்கு உடம்பு சரியில்லை என்று தெரிய ஆரம்பித்தபோது, வீட்டிலேயே ஒரு டாக்டர் இருக்கிறாரே என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னவள் நான்.

நீ வெளுத்துப்போய் இருந்தாய். கண் மஞ்சள். வயிறு இடது பக்கம் மட்டும் உப்பி நிற்கும். மற்றப் பிள்ளைகள் உப்பளத்து வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடும்; நீ கொஞ்ச தூரம் போய், கீற்றுப் போட்டு மூடிய உப்புக் குவியல் நிழலில் உட்கார்ந்துவிடுவாய். பெரியத்தா உன் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். "ரத்தமே இல்லியே இவனுக்கு. இரும்புச் சத்து பத்தல" என்பார். டானிக் கொடுப்பார். அதுவும் போதாது என்று ஊசி. கெட்டியாக, பழுப்பு நிறத்தில் இருக்கும் அந்த மருந்து. போட்ட இடம் வாரக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். நீ கத்துவாய். "காலை அமுக்கிப் புடிம்மா" என்பார். பிடித்தேன். உனக்குச் செய்ததை என் கையைக்கொண்டே செய்தார், தம்பி. அவர் மேல் எனக்குள்ள கோபத்தில் இது ஒரு தனிக் கோபம்.

பத்தாம் வகுப்பில் உன்கூடப் படித்தவர்களுக்கெல்லாம் குரல் உடைந்தது, தோள் விரிந்தது. உன் உடம்பு மட்டும் பன்னிரண்டு வயதோடு நின்றுவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் உனக்கு அரை டிக்கெட் கிழிப்பார். நீ முழு டிக்கெட் கேட்டு வாங்குவாய். உனக்குப் பதினேழு வயதிருக்கும்போது பெரியத்தா தன் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் வைத்தார். ஆண்கள் பந்தியில் நீ உட்கார்ந்திருந்தாய். அத்தனை பேருக்கு நடுவில் அவர் உரக்கச் சொன்னார்: "டேய், நீ எதுக்குடா இங்க? அந்தப் பக்கம் பொம்பளைங்களோட போயி உக்காரு. மீசை முளைச்சவனுங்க சாப்புடுற எடம் இது." எல்லோரும் சிரித்தார்கள். நீ எழுந்து என் பக்கம் வந்து உட்கார்ந்தாய். எதுவும் சாப்பிடவில்லை. நான் அன்றைக்கும் அதை வயதில் பெரியவரின் வேடிக்கைப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் கடல் உள்ளே வந்தது. கரையோரக் குப்பங்களின் சனமெல்லாம் ஸ்கூல் கட்டடத்தில் தங்கியிருந்தபோது, நம் தெருப் பெண்கள் சேர்ந்து அங்கே சமைத்துப் போட்டோம். நீ ரொட்டிப் பாக்கெட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். மெட்ராஸிலிருந்து மருத்துவ முகாமுக்கு வந்திருந்த ஒரு லேடி டாக்டர், வரிசையில் நின்றவர்களை விட்டுவிட்டு உன்னையே பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

"இந்தப் பையன் உங்க பிள்ளையா? என்ன வயசு?"

"பத்தொம்போது."

அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார். உன்னைப் பெஞ்சில் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கன்னத்து எலும்பைத் தடவினார். "என்ன மருந்து குடுக்குறீங்க?"

"இரும்பு டானிக்குங்க. ஊசியும் போட்டுக்கிட்டிருக்கோம். சின்ன வயசுலேர்ந்து."

அந்தம்மா முகம் மாறியது. "இன்னையோட நிறுத்துங்க. ஒரு சொட்டு கூட குடுக்காதீங்க" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

அவர் சொன்ன ஆஸ்பத்திரிக்கு மெட்ராஸ் போனோம். உன் ரத்தம், என் ரத்தம், லீவில் வந்த உன் அத்தாவின் ரத்தம் மூன்றையும் பார்த்தார்கள். தலசீமியா என்றார்கள். எனக்கும் பாதி இருக்கிறது, உன் அத்தாவுக்கும் பாதி இருக்கிறது, சொந்தத்தில் கட்டிக்கொண்டோம், இரண்டு பாதியும் உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. அங்கிருந்த டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "இவனுக்கு ரத்தம் கம்மியா இருக்கிறது இரும்பு இல்லாததால இல்லம்மா. ரத்த அணு சரியா உருவாகறதில்ல, அவ்வளவுதான். ஆனா உடம்பு ஏமாந்துபோயி, திங்கிற சாப்பாட்டுலேர்ந்தே இரும்பை அள்ளி அள்ளி உள்ள வச்சுக்குது. வெளிய தள்ள உடம்புக்கு வழி கிடையாது. அதுக்கு மேல நீங்க டானிக், ஊசின்னு ஊத்தியிருக்கீங்க."

"அது எங்கம்மா போகும்?"

"ஈரல்ல போகும். இதயத்துல போகும். இவன் வளராம நிக்கிறதைப் பாத்தா மூளைக்குக் கீழ இருக்கிற சுரப்பிக்கும் போயிருக்கும்னு நினைக்கிறேன். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துடலாம்."

அந்த ஸ்கேன் நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். உன் இடுப்பில் பெரியத்தா ஓதிக் கட்டிவிட்ட தாயத்தை ஸ்கேன் எடுக்கிறவர் கத்தரித்து எடுத்து என் கையில் கொடுத்தார். உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாதாம். உன்னைப் பலகையில் படுக்கவைத்து அந்தக் குழாய்க்குள் தள்ளினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரைக்கும் டமடமவென்று சத்தம் கேட்டது. உன் பாதம் மட்டும் எனக்குத் தெரிந்தது. அசையவே கூடாது என்றார்கள். நீ அசையவில்லை.

டாக்டரம்மா படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிக் காட்டினார். "இரும்பு இருக்கிற எடம் இதுல கறுப்பாத் தெரியும்மா" என்றார். முதலில் வயிற்றுப் படம். ஈரல் இருக்க வேண்டிய இடம் மை கொட்டின மாதிரி இருந்தது. இதயம் சாம்பல் நிறம்; "அல்ஹம்துலில்லாஹ்னு சொல்லுங்க, இது தப்பிச்சிருக்கு" என்று அவரே சொன்னார். பிறகு தலைப் படம். நடுவில், மூக்குக்கு நேர் பின்னால், ஒரு பட்டாணியைப் பேனா முனையால் தொட்டார். "இது வெளிச்சமா இருக்கணும். இந்தச் சுரப்பிதான் 'வளரு'ன்னு உடம்புக்கு உத்தரவு போடணும். இவனுக்கு இது கறுத்துப் போயிருக்கு. உத்தரவே போகல." மூளைக்குள் வேறு இரண்டு இடங்களில் லேசான நிழல் இருப்பதையும் காட்டினார். "மூளைல இரும்பை இப்படிப் படத்துல அளக்குறது இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. ஈரலுக்குச் சொல்ற மாதிரி இதுக்கு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது. ஆனா சுரப்பி அடிபட்டிருக்கு, அது நிச்சயம்" என்றார். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்கிற ஒரு ஆளை என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பஸ்ஸில் வரும்போது நீ ஜன்னலோரம் தூங்கிவிட்டாய். உன் தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பந்தியில் உன்னை எழுப்பி அனுப்பிய அந்த வாய், அந்தக் கறுப்பை உனக்குள் ஏற்றிய அதே ஆளுடையது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் தம்பி, அதுவரைக்கும் தெரியாமல் செய்தார் என்றுதான் நினைத்தேன். அறியாமை என்றால் மன்னிக்க என்னாலும் முடிந்திருக்கும்.

உன்னை வீட்டில் விட்டுவிட்டு, படத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மத்தியான நேரம், கூட்டம் இல்லை. உன் பெரியம்மா அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"தலையெல்லாம் படம் புடிச்சியாமே. எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார் பெரியத்தா.

"இரும்பு போயி மூளைக்குள்ள உக்காந்துருக்குதாம் மச்சான். நீங்க குடுத்த டானிக்கு, நீங்க போட்ட ஊசி."

எரிச்சலோடு கையை உதறினார். "ஊசியாலயா? அது ரத்தத்துலயே வர்ற கோளாறு. உன் பக்கமும் இருக்குது, எங்க பக்கமும் இருக்குது. பாண்டியில அப்பவே சொல்லிட்டானுங்களே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது. பெரியம்மா கையில் கரண்டி அப்படியே நின்றது.

"எப்ப சொன்னாங்க?"

"அதான்... அவனுக்குப் பத்து வயசுல காய்ச்சல் வந்துச்சே. நீ சின்னதைப் பெத்துட்டுப் படுத்துருந்தே. நான்தானே பாண்டிக்குத் தூக்கிட்டுப் போனேன்."

அந்தக் காய்ச்சல் எனக்கு நன்றாக ஞாபகம். ரத்தம் ஏற்றித்தான் உன்னைத் திருப்பிக் கொண்டுவந்தார். 'ஒண்ணுமில்ல, சத்துக் குறைவுதான், டானிக் எழுதிக் குடுத்துருக்காங்க' என்று என்னிடம் சொன்னார். அவர் கையைப் பிடித்து அழுதேன், நன்றியில்.

"என்ன சொன்னாங்க மச்சான்?"

"தலசீமியாவோ என்னமோ. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் கூட்டிட்டு வான்னான். எனக்கு மூணு பொண்ணு நிக்குது. நம்ம வீட்டு ரத்தத்துலயே நோய்னு வெளிய தெரிஞ்சா எவன் வாசப்படி ஏறுவான்? நீயே சொல்லு."

"இரும்பு குடுக்கக் கூடாதுன்னு சொல்லலியா?"

அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "சொன்னாங்கதான். ஏதாச்சும் குடுத்துக்கிட்டே இருந்தாத்தானே நீ சும்மா இருப்பே. இல்லாட்டி வேற டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடியிருப்பே."

மறுபடியும் படி, தம்பி. நான் வேறு டாக்டரிடம் ஓடாமல் இருக்க, உனக்கு விஷம் என்று தெரிந்தே கொடுத்தார். பாவமா இருக்குது என்று சொன்னாயே, அந்த ஆள்தான்.

படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். உப்பு லாரி ஒன்று கடந்து போகும்வரை ரோட்டோரம் நின்றேன். இந்த ஆளுக்கு எது வலிக்கும் என்று யோசித்தேன். போலீஸ், வழக்கு எல்லாம் அவருக்கு வலிக்காது, பேசிச் சரிக்கட்டிவிடுவார். எதை மறைக்க உன்னைக் கெடுத்தாரோ அது ஊரறிய வெளியே வர வேண்டும். அதுதான் வலிக்கும்.

சில மாதங்களில் அவருடைய கடைசிப் பெண் சமீனாவுக்கு நிச்சயம் வைத்தார். மாப்பிள்ளை வேறு யாருமில்லை, உன் பெரியம்மாவின் அண்ணன் மகன், கோட்டக்குப்பத்துப் பையன். நானும் போனேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு, உன் தலைப் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். பெண்கள் கூடியிருந்த அறையில் மாப்பிள்ளையின் அம்மா சமீனாவின் கழுத்தில் செயின் போட எழுந்த நேரம், நான் ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்துக்கு எதிரே படத்தைப் பிடித்தேன்.

"என்னம்மா இது, நல்ல காரியத்துல?" என்றார் அந்த அம்மா.

"நல்ல காரியம்னுதான் கேக்குறேன். மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்கும் ரத்தம் பாத்துட்டீங்களா? எனக்கும் எம் புருஷனுக்கும் பாக்கல. அதான் இது. எம் மகன் தலைக்குள்ள இருக்கிற இரும்பு."

பெரியத்தா வாசலுக்கு ஓடி வந்தார். "வாய மூடு! உனக்குப் பைத்தியமா?" என்று கத்தினார். நான் கடையில் அவர் சொன்னதை, அவர் சொன்ன வார்த்தையிலேயே, அவர் குரல் போலவே திருப்பிச் சொன்னேன். 'மூணு பொண்ணு நிக்குது' என்றதையும் சொன்னேன். 'ஏதாச்சும் குடுத்துக்கிட்டே இருந்தாத்தானே நீ சும்மா இருப்பே' என்றதையும் சொன்னேன். ஆண்கள் பக்கமும் கேட்டது. மாப்பிள்ளையின் அத்தா எழுந்து வந்து, "நெசமா மச்சான்?" என்று கேட்டார். உன் பெரியத்தா பெரியம்மாவைப் பார்த்தார். உன் பெரியம்மா, இருபத்தைந்து வருடம் அவர் முன்னால் வாய் திறக்காதவர், தரையைப் பார்த்துக்கொண்டு, "நெசந்தாண்ணே. எம் முன்னாடிதான் சொன்னாரு" என்றார்.

சமீனாவுக்கும் மாப்பிள்ளைக்கும் ரத்தம் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் பாதி இருந்தது. நிச்சயம் நின்றது. டாக்டர் பாய் கடையில் ஊசி போட யாரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. அவருடைய மூத்த பெண்களே பேரப்பிள்ளைகளைத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள். உன் அத்தா போனில் "குடும்ப மானத்தைத் தெருவுல போட்டுட்டியே" என்று குதித்தார். லீவில் வந்தபோது அண்ணன் சொன்னதைப் பெரியம்மா வாயிலிருந்தே கேட்டார். அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் அவர் திரும்பவில்லை.

இப்போது ஊரில் சிலர், நான் நல்லது செய்தேன், பிறக்கவிருந்த ஒரு பிள்ளையைக் காப்பாற்றினேன் என்கிறார்கள். ஜமாத்துப் பெரியவர் ஒருவர் கல்யாணத்துக்கு முன்னால் ரத்தம் பார்க்கச் சொல்லிப் பேசுகிறார். பேசட்டும். ஆனால் உனக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். நல்லதுக்காக நான் செய்யவில்லை. நல்லதுக்காக என்றால் சமீனாவைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொல்லியிருக்கலாம். அவள் வந்து அதைத்தான் கேட்டாள்: "எங்கிட்ட சொல்லியிருந்தா நானே வேணாம்னு சொல்லியிருப்பேனே சின்னம்மா. அத்தனை பேரு முன்னாடி ஏன்?"

"உங்க அத்தாவுக்கு வலிக்கணும்னுதாம்மா" என்றேன்.

"எனக்கும் வலிச்சுதே" என்றாள்.

அவளுக்கு வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ரத்தம் பார்த்த பிறகுதான் பேச்சே. அவள் என்னோடு பேசுகிறாள், ஆனால் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அது எனக்குச் சுடுகிறது. இருந்தாலும் அந்த நாள் திரும்பி வந்தால் நான் அதே ஜன்னலுக்குப் போய் அதே படத்தைத்தான் பிடிப்பேன்.

உனக்கு வருகிறேன். மெட்ராஸில் அந்தக் கம்ப்யூட்டர் கடை வேலைக்கு நீ போவதில் எனக்குப் பயம் இல்லை. வயிற்றில் ஊசி குத்தி இரும்பை இறக்கும் அந்த மருந்துப் பம்ப்பை மாட்டிக்கொள்ள நீயே பழகிவிட்டாய். காலையில் சிறுநீர் சிவப்பாகப் போனால் உள்ளே இருக்கும் இரும்பு வெளியே போகிறது என்று அர்த்தம். அந்தச் சிவப்பைப் பார்ப்பதற்காகவே உன்னை எழுப்பியவள் நான். இனி நீயே பார்த்துக்கொள். ஒரு நாள்கூட விடாதே. போன மாதம் எடுத்த படத்தில் ஈரல் வெளுக்க ஆரம்பித்திருக்கிறது. தலைக்குள் இருக்கும் அந்தப் பட்டாணி மட்டும் இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. அது திரும்பி வேலை செய்யுமா என்று தெரியாது என்று டாக்டரம்மா சொன்னார். அது போட வேண்டிய உத்தரவை இப்போது வளர்ச்சிக்கான ஊசிதான் போடுகிறது. போடட்டும். உத்தரவு எங்கிருந்து வந்தால் என்ன, உன் உடம்பு கேட்டுக்கொண்டுவிட்டது.

யார் என்ன மருந்து கொடுத்தாலும் 'இது எதுக்கு' என்று கேட்காமல் வாயில் போடாதே. நான் பாத்துக்கிறேன் என்று சொல்கிற பெரியவர்களை ஒன்றுக்கு இரண்டு முறை பார். உனக்குப் பெண் பார்க்கும் காலம் வந்தால், உன் நோயை முதலில் சொல், அவள் ரத்தத்தைப் பார்க்கச் சொல், பிறகு மற்றப் பேச்சு. மறைத்துக் கட்டிக்கொண்டாய் என்று எனக்குத் தெரிந்தால், அந்த ஜன்னல் பக்கம் நின்ற மாதிரி உன் கல்யாணத்திலும் வந்து நிற்பேன். நீ என் மகன் என்று பார்க்க மாட்டேன்.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். போ. போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் கெடுத்தது உன் உடம்பை. நீ மன்னித்தால் அது உன் மன்னிப்பு. அதில் என் பங்கு கிடையாது, என் சார்பாக ஒரு சலாம்கூடச் சொல்லாதே. ஆனால் நான் சொல்கிற மாதிரி போ. காலையில் போ, பஸ் ஸ்டாண்டில் கூட்டம் இருக்கும்போது. பெருநாளைக்கு எடுத்த அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொள். அவர் கல்லாவுக்குப் பின்னால் அந்தத் தாழ்ந்த நாற்காலியில்தான் இருப்பார். உட்காரச் சொல்வார். உட்காராதே. நின்றுகொண்டே, இந்த ஒரு வருடத்தில் உடைந்து இறங்கியிருக்கும் உன் குரலில், தெரு கேட்கிற மாதிரி சலாம் சொல். அவர் அண்ணாந்து உன்னைப் பார்க்கட்டும்.

உன் அம்மா